ம. கனகாம்பரம்

இறுக்கிச் சுருட்டிய குடை மாதிரி நுனியை முறுக்கிக்கொண்டு நிற்கிறது மொட்டு, பச்சை உறை ஒரு பக்கம் பிரிந்து உள்ளேயிருந்து விரல்கடை அளவு நிறம் எட்டிப் பார்க்கிறது, என்ன நிறம் என்று கேட்டால் இப்போது சொல்ல மாட்டேன், பங்குனிக் காலை ஆறேகால் மணிக்குக் கோத்தகிரியில் எல்லா நிறமும் பாதி சாம்பல்தான், மூடுபனி கலைந்து, சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி வெயில் இந்த மூன்றாவது தட்டுக்கு வந்து சேர எட்டு மணியாகும், அதுவரைக்கும் இது வெறும் செங்கல்லாகவும் இருக்கலாம், பதினொரு வருடமாக நான் தேடிக்கொண்டிருக்கிற மாந்தளிராகவும் இருக்கலாம். வெளிச்சம் வராமல் நிறம் சொல்கிற ஆள் நான் இல்லை, இதைக் கர்வம் என்றால் கர்வம்தான், கோயம்புத்தூரில் ஒரு பட்டுச் சேலைக் கடையின் முதல் மாடியில் ஒன்பது வருடம் நின்றவளுக்கு இந்த அளவு கூட இல்லாவிட்டால் எப்படி, அரக்குக்கும் மிளகாய்ப்பழச் சிவப்புக்கும் நடுவில் இன்னும் நாலு சிவப்பு உண்டு, நாலையும் தனித்தனியாக எடுத்து வைப்பேன், ஆனால் அந்த மாடியில் எனக்கு ஒரு எதிரி இருந்தது, ட்யூப்லைட், அதன் வெளிச்சத்தில் மாந்தளிர்ச் சேலையைப் பிரித்துப் போட்டால் சூளையிலிருந்து வந்த செங்கல்தான் தெரியும், வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்ததை எடு என்பார்கள், மயில்கழுத்துக் கரை போட்ட ஒரு மாந்தளிரை எத்தனை முறை பிரித்தேன், எத்தனை முறை மடித்தேன் என்று எனக்கே தெரியாது, ஒரு நாள் ட்யூப்லைட் மாற்ற வந்த ஆள் ஏணிமேல் நின்றபடி பார்த்துக்கொண்டே இருக்கிறான், ஏனுங்க, அந்தச் சீலையக் கொஞ்சம் குடுங்க என்கிறான், கேட்டுவிட்டுப் பதிலுக்கும் நிற்காமல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு இறங்கிப் போகிறான், மேலாளர் கத்துகிறார், நான் பின்னாலேயே ஓடுகிறேன், நடுப்பகல் வெயிலில் இரண்டு கைகளாலும் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், உள்ளே கிடந்த செங்கல் எங்கே போனதோ, முதல் மழைக்குப் பிறகு மாமரம் விடுகிற கொழுந்து, சிவப்பென்றும் சொல்ல முடியாமல் பழுப்பென்றும் சொல்ல முடியாமல் ஈரம் மினுங்குகிற அந்த நிறம், தப்பு லைட்டு மேலங்க, சீலை மேல இல்ல என்றான். அந்த ஆள்தான் இவர், என் வீட்டுக்காரர் சென்னியப்பன்.

சேலைப் பெட்டி ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதை மடித்து வைத்த பெண்ணின் பெயரில் முதல் எழுத்தைப் பென்சிலால் போட வேண்டும், அது எங்கள் கடை வழக்கம், என்னுடையது ம, அலமாரி முழுக்க ம, ம என்றே நிற்கும், இவர் நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கையெல்லாம் கழற்றி மாட்டுகிற சாக்கில் வாரம் இரண்டு தடவை வந்து, இந்த ம யாருங்க, மடிப்பு ஒண்ணுகூடக் கோணலில்லையே என்று பக்கத்துப் பெண்ணிடம் விசாரித்தாராம், ஏழாவது மாதம் கல்யாணம். கல்யாணத்துக்கு அப்புறம் என் பெயருக்கு முன்னால் அவருடைய செ. வந்து உட்கார்ந்துகொண்டது, ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் முதலில் செ, ஒரு புள்ளி, பிறகுதான் நான், பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதும் இல்லை, இவருக்கு அம்மிணி, தங்கைக்கு அக்கா, பிள்ளைகள் பிறக்கவில்லை, பிறந்திருந்தால் அவர்களுக்கும் செ.தான் முன்னால் நின்றிருக்கும், அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, ஊர் வழக்கம்.

தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன் வேலை கிடைத்து மலையேறி வந்தோம், வீட்டுக்குப் பின்னால் படிப்படியாக நாலு தட்டு நிலம், முன்பு இருந்தவர்கள் காரட் போட்டிருந்தார்கள், நானும் காரட்டே போட்டேன், ஒரு மாசி மாதம் இவர் பழைய பங்களா ஒன்றில் ஒயரிங் பார்த்துவிட்டு வரும்போது சாக்கில் இஞ்சி மாதிரி எதையோ சுமந்துகொண்டு வந்தார், தோட்டக்காரன் புடுங்கி எறிஞ்சிருந்தான், பேரு ஐரிஸ்ங்கறான், பூக்குமாம் என்றார், கிழங்கென்றால் மஞ்சள் நடுவது போலத்தானே என்று நான் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மண் அணைத்து, தண்ணீரும் விட்டேன், ஈரோட்டுப் பக்கத்துக்காரி வேறென்ன செய்வாள், அத்தனையும் அழுகிப் போயிற்று, சாக்கோடு மறந்துபோய் மூலையில் கிடந்த ஒரே ஒரு கிழங்கு மட்டும் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தி கத்தியாக இலை விட்டிருந்தது, அன்றைக்குப் புரிந்தது, இது வேரை மட்டும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு முதுகு காய்கிற சாதி. அது பூத்த நாளில் நான் காரட்டை விட்டுவிட்டேன், மூன்று இதழ் மேலே நிமிர்ந்து, மூன்று இதழ் கீழே தழைந்து, தழைந்த இதழின் நடுவில் பூந்தூவலாக ஒரு தாடி, நிமிர்ந்தது சேலையின் உடல், தழைந்தது முந்தானை, தாடி ஜரிகை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன், குன்னூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் ஒவ்வொரு கிழங்காக வந்து சேர்ந்தபோது அவற்றுக்கும் அப்படியே, வெள்ளை என்றால் மல்லி, பச்சை நீலம் மயில்கழுத்து, கருஞ்சிவப்பு மருதாணி, ஆரஞ்சில் பால் கலந்தது கனகாம்பரம், அவற்றுக்கு வெளிநாட்டில் யார் என்ன பெயர் வைத்திருந்தால் எனக்கென்ன. மாந்தளிர் மட்டும் யாரிடமும் இல்லை, இல்லையென்றால் உண்டாக்க வேண்டியதுதானே என்று தோன்றியது, ஒரு பூவின் மகரந்தத்தை இடுக்கியால் எடுத்து இன்னொரு பூவின் உள்ளே இருக்கிற சின்ன உதட்டில் தடவ வேண்டும், வண்டு வந்து உட்கார இடமில்லாமல் அந்தப் பூவின் முந்தானைகளைக் கிள்ளிவிட வேண்டும், யாருக்கு யார் என்று எழுதிக் கழுத்தில் சீட்டுக் கட்ட வேண்டும், காய் முற்ற இரண்டு மாதம், விதை முளைக்க ஒரு குளிர்காலம், பூக்க இன்னும் இரண்டு வருடம், பூத்தால் நூற்றில் தொண்ணூற்றொன்பது குப்பைக்கு. சீட்டு மட்டும் இவர் வேலை, கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டித் தட்டித் தகடாக்கி, ஆணியால் எழுத்துக் கீறி, பழைய ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியில் கோத்து வைப்பார், மழைக்கும் அழியாது, என் கையெழுத்தைவிட அழகாகவும் இருக்கும். எட்டு வருடத்தில் எனக்குச் செங்கல் கிடைத்தது, துரு கிடைத்தது, கருப்பட்டி கிடைத்தது, காட்டெருமை புகுந்து இரண்டு பாத்தியை மிதித்துவிட்டுப் போனது, மாந்தளிர் வரவில்லை, வராமல் போகாது என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முந்தைய பங்குனியில் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை, கோயம்புத்தூரில் தங்கை வஞ்சி வீட்டில் தங்கி ஒன்றன்பின் ஒன்றாக அறுவை, குனியக் கூடாது, மலையேறக் கூடாது, இங்கே என் பூக்கள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருக்கின்றன, நான் கருப்புக் கண்ணாடியோடு ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கனகாம்பரம் விரிஞ்சிருச்சா என்கிறேன், விரிஞ்சிருச்சு அம்மிணி என்கிறார், இடுக்கியால எடுத்தீங்களா, எடுத்துட்டேன், உதட்டுல தடவுனீங்களா, எது உதடு, எனக்கு எல்லாமே உதடாட்டத்தான் இருக்குது, போங்க, நான் நாளைக்கே பஸ் ஏறிர்றேன், வேண்டாம் வேண்டாம், கண்டுபுடிச்சுட்டேன் என்கிறார், அப்புறம் வெகு நேரம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வருகிறது, கொட்டுகிற மழையில் கம்பம் ஏறுகிறவர் ஒரு பூவுக்குப் பயப்படுகிறார். சீட்டு எழுதுங்க, தாய் பேரு முன்னாடி, அப்புறம் பெருக்கல் குறி, அப்புறந்தான் தகப்பன் பேரு என்றேன், அதென்னது, நம்ம பக்கம் அப்பன்தான முன்னாடி வருவான் என்றார், பூவுக்கு அப்படி இல்லீங்க, காய் சுமக்கறவ பேருதான் முதல்ல, சீட்டும் தாய் மேலதான் தொங்கோணும், வேற எங்கயும் கட்டிராதீங்க என்றேன், நல்ல பழக்கமாத்தான் இருக்குது என்றார். ஆடியில் நான் திரும்பி வந்து பார்க்கிறேன், வேறு வேறு செடிகளில் பதினாலு பூவில் தடவியதில் பதிமூன்று உதிர்ந்து ஒரே ஒரு காய் நின்றதாம், அதையும் பறித்து, விதையைத் தொட்டியில் ஊன்றி, பக்கத்தில் தகட்டையும் குத்தி வைத்திருந்தார், ம. கனகாம்பரம் என்று எழுதியிருந்தது, பெருக்கல் குறி இல்லை, வெறும் புள்ளி, தாய் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாக ஒரு ம. யாருங்க இந்த ம, மருதாணியா, மயில்கழுத்தா, மல்லியா என்று கேட்டேன், பூக்கட்டும் அம்மிணி, சொல்றேன் என்றார், இப்பச் சொன்னா என்ன, பூக்கட்டும்ங்கறேன், அதற்கு மேல் சிரிப்புத்தான், ஆணியால் கீறச் சோம்பல்பட்டு எழுத்தைக் குறைத்துவிட்டு இப்படி மழுப்புகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன புரட்டாசியில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது, எடுக்கக் குனிந்தவர் எழவில்லை, வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று, இடது கையும் ஒரே ஒரு ம் மட்டும் மிச்சம். ஒரு ம்-ஐ வைத்துக்கொண்டு குடும்பமே நடத்தலாம் என்பது அதற்கப்புறம் தெரிந்தது, சாப்பிடறீங்களா, ம், ஜன்னலைச் சாத்தட்டுமா, ம், கொஞ்சம் இழுத்தால் வேண்டாம், வெட்டினால் சரி, எனக்கு எல்லாம் புரிந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை வருகிற ஷெர்லி நல்ல பெண், எழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள், இவர் அட்டையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார், போன வாரம் அவள் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள், அம்மா, தப்பா நினைக்காதீங்க, நாம பேசறது ஐயாவுக்கு எவ்வளவு புரியுதுன்னு சொல்ல முடியாது, அந்த ம் வெறும் பழக்கத்துல வர்றதாக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியாதா அவருக்குப் புரிகிறதா இல்லையா என்று, முப்பத்து நாலு வருடம் கூட இருந்தவள் நானா அவளா என்று கேட்டு அனுப்பிவிட்டேன், கேட்டதில் தப்பில்லை, ஆனால் அன்று முதல் அந்தச் சொல் காலில் முள் மாதிரி கூடவே வருகிறது, நடக்கும்போதெல்லாம் தெரிகிறது, அவர் உள்ளே இருக்கிறாரா, நான் இத்தனை மாதமாக யாருமில்லாத வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறேனா. அந்த வாரமே இந்தச் செடி தண்டு விட்டது, ஒன்பது நாற்றில் எட்டு நாற்று மழையில் அழுகிப் போக, தப்பித்து மூன்றாவது தட்டுக்கு மாற்றி நட்ட ஒன்று, பூக்கட்டும் சொல்றேன் என்றாரே, இதோ பூக்கப் போகிறது, இப்போது சொல்லட்டும், ம யார் என்று அவர் ஒரு கண்ணசைவில் காட்டிவிட்டால் போதும், அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று நான் ஊரைக் கூட்டிச் சொல்வேன், காட்டாவிட்டால், அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மலர்க் குழுச் செயலாளர் நஞ்சுண்டன் வேறு படிவம் கொடுத்திருக்கிறார், சனிக்கிழமை நடுவர்கள் வீடு வீடாக வந்து புது ரகங்களைச் செடியிலேயே பார்ப்பார்கள், தாய் பேரு தகப்பன் பேரு ரெண்டும் இல்லாம புது ரகம்னு எடுத்துக்க முடியாதுங்க மேடம், நாளைக்குள்ள குடுத்திருங்க என்றார்.

இதோ வெயில் வருகிறது, முதல் தட்டு, இரண்டாம் தட்டு, நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மொட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், எட்டே காலுக்கு நுனி முறுக்குத் தளர்ந்தது, முதல் முந்தானை மெதுவாகப் பின்னால் சரிந்தது, அப்புறம் மற்ற இரண்டும் சேர்ந்து, மாந்தளிர், சந்தேகமே இல்லை, செங்கல் இல்லை, துரு இல்லை, கடை வாசலில் ஒருவன் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்த அதே நிறம், தாடி மட்டும் கடுகு மஞ்சள், நான் கேட்டது மயில்கழுத்து, போகட்டும், அது அடுத்த பதினொரு வருடத்துக்கு இருக்கட்டும். மேட்டுப்பாளையம் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது, போன வருடம் இதே நாட்களில் கல்மழை பெய்து ஒரு பூ மிச்சமில்லாமல் அடித்தது, ஓலைத் தட்டி கட்டிக் காப்பாற்றலாம், சனிக்கிழமைக்குள் இதே தண்டில் இரண்டாவது மொட்டும் விரியும், நடுவர்கள் வருவார்கள், ஆனால் இந்தப் பதினாலு படியை இறங்க அவரால் முடியாது, பூவாலும் ஏற முடியாது. கத்தரியை எடுத்தேன், அடித்தண்டில் வைத்து வெட்டினேன், தகட்டையும் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினேன்.

வாசலை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் சால்வை, நான் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வாசலில் நின்று தண்டை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினேன், பூத்திருச்சுங்க என்றேன், பார்த்தார், வெகு நேரம் பார்த்தார், சொல்றேன்னீங்களே, சொல்லுங்க, மருதாணியா, ம் என்றார், இருந்தாலும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று, மயில்கழுத்தா என்றேன், ம் என்றார், அதே ம், மல்லியா, ம். செம்பருத்தியா என்றேன், அப்படியொரு ஐரிஸே என்னிடம் இல்லை, ம் என்றார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன், ஷெர்லி சொன்னதுதான் சரி போலிருக்கிறது, முதல் முறையாக அப்படித் தோன்றியது, பூவைப் படியில் வைத்துவிட்டு, தகட்டை அவர் மடியில் போட்டேன், நீங்க எழுதுனதுதானே, நீங்களே வெச்சுக்குங்க என்றேன், கோபமாகத்தான் சொன்னேன், யார் மேல் என்று தெரியவில்லை.

இடது கை அசைந்தது, தகட்டை எடுத்தது, கட்டைவிரல் கீறிய எழுத்தின் மேல் ஒரு முறை போய் வந்தது, அப்புறம் நகத்தை வைத்துச் செம்புக் கம்பியின் முறுக்கைப் பிரிக்கப் பார்க்கிறது, கையைக் கிழித்துக்கொள்ளப் போகிறார் என்று வாங்குவதற்காக நான் கையை நீட்டினேன், அவர் விடவில்லை, என் மணிக்கட்டைத் திருப்பித் தன் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார், பிரித்த கம்பியை என் கண்ணாடி வளையலுக்குள் விட்டு வாங்கினார், ஒரு கையாலேயே, இரண்டு முறுக்கு, அதற்கு மேல் அரை முறுக்கு, நுனி குத்தாமல் உள்பக்கமாக மடித்து அமுக்கினார், ஒயர் இணைக்கும்போது செய்வாரே அதே முறுக்கு, தகடு என் கையில் தொங்கியது. தாய் மேலதான் தொங்கோணும், வேற எங்கயும் கட்டிராதீங்க, நான் சொன்னதுதான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, ம என்றார். ம் இல்லை, வாயைத் திறந்து, புள்ளி வைக்காத ம, முப்பத்து நாலு வருடத்துக்கு முன்னால் ஏணிமேலிருந்து விசாரித்த ம. அலமாரி முழுக்க என் கையாலேயே எழுதி வைத்த எழுத்து, செடிகளின் பெயராகத் தேடிக்கொண்டிருந்ததில் அது என் பெயரிலும் இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது, பெருக்கல் குறி போடாதது சோம்பலில்லை, அது இனிஷியல். நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன், சத்தமாகவே அழுதேன், அவர் இடது கையால் தகட்டைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

கல்மழை பதினோரு மணிக்கு வந்து அரை மணி நேரம் அடித்தது, ஓய்ந்ததும் நஞ்சுண்டனைக் கூப்பிட்டேன், பூவை வெட்டிட்டேனுங்க, இந்த வருசம் நடுவரை அனுப்ப வேண்டாம், கிழங்கு இருக்குது, அடுத்த வருசம் மூணு தண்டா விடும் என்றேன், அடடா, சரிங்க மேடம், பதிவுக்காவது பேரைச் சொல்லுங்க, தாய் எதுங்க என்றார், ம என்றேன், ம-ன்னா, மருதாணிங்களா, இல்லீங்க, நான்தான் என்றேன். அப்படிப் போட முடியாதுங்களே என்றார், போட வேண்டாம், தெரிஞ்சு வெச்சுக்குங்க என்றேன். கனகாம்பரத்துக்கு நிஜத்தில் ஜோடி எது என்பது இனித் தெரியப் போவதில்லை, எது உதடு என்று தெரியாதவர் எங்கே தடவினாரோ, வண்டு வந்து செய்துவிட்டுப் போனதாகக்கூட இருக்கலாம், பரவாயில்லை, இந்தக் கிழங்கு என்னிடம் இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு தாடியை மயில்கழுத்தாக்குவது எப்படி என்று எனக்குத் தெரியும், ஷெர்லி வெள்ளிக்கிழமை வருவாள், ம அட்டையை முதலில் எடுக்கச் சொல்ல வேண்டும்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில், தண்ணீர் ஊற்றிய பாட்டிலில், அதே தண்டில் இரண்டாவது மொட்டு நிற்கிறது, இறுக்கிச் சுருட்டிய குடை மாதிரி நுனியை முறுக்கிக்கொண்டு, உறை இன்னும் பிரியவே இல்லை, மறுநாள் காலை மணி ஆறேகால், மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெயில் வர இன்னும் வெகு நேரம், அவர் முழித்துக்கொண்டு மொட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், நான் வளையலை ஒதுக்கிக்கொண்டு பாட்டிலை அவர் பக்கமாகத் திருப்பி வைக்கிறேன், என்ன நிறம் என்று யாராவது இப்போது கேட்டால், வெளிச்சமே வேண்டாம், சொல்லிவிடுவேன்.